க்ரீம் ஏன் பிஸ்தா ஆனது, இனி எந்த வெள்ளை அடிப்பது

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மதுரை திருநகரில் தரைத்தளம் மட்டும் உள்ள வீடு. ஹால் 16க்கு 14 அடி, உயரம் 10 அடி. தரையில் தந்த நிற விட்ரிஃபைட் டைல்ஸ். வாசல் கிழக்கே, பெரிய ஜன்னல் வடக்கே. அந்த ஜன்னலுக்கு நான்கு அடி தள்ளி பக்கத்து மாடி வீட்டின் இளம்பச்சைச் சுவர். போன முறை அடித்த க்ரீம், ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் பிஸ்தா நிறமாகத் தெரிகிறது. இந்த முறை வெள்ளை அடிக்கலாம் என்றால் ஷேடு கார்டில் நாற்பது வெள்ளை இருக்கிறது. ஆஸ்பத்திரி மாதிரியும் ஆகக்கூடாது, அழுக்காகவும் தெரியக்கூடாது, எதை எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ஷேடு பெயர் ஒன்றை மட்டும் சொன்னால் போன முறை நடந்ததே திரும்ப நடக்கும். கார்டில் க்ரீமாக இருந்தது வீட்டில் ஏன் பிஸ்தா ஆனது என்பதுதான் இதில் முக்கியமான கேள்வி. அதற்கு விடை தெரிந்தால் நாற்பது வெள்ளையில் முப்பத்தைந்தை உடனே தள்ளிவிடலாம்.

பெயிண்ட்டில் கோளாறு இல்லை, கடைக்காரர் ஏமாற்றவும் இல்லை. வெள்ளையும் வெள்ளைக்குப் பக்கத்து நிறங்களும் தம்மேல் விழும் வெளிச்சத்தில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புகின்றன. அடர்ந்த நீலச் சுவரில் கொஞ்சம் பச்சை வெளிச்சம் விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது. வெள்ளைச் சுவரில் விழுந்தால் அப்படியே தெரியும். உங்கள் வடக்கு ஜன்னல் வழியாக வருவது வானத்து வெளிச்சம் குறைவு, பக்கத்து வீட்டுச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சமே அதிகம். பச்சையான அந்த வெளிச்சம் மஞ்சள் கலந்த க்ரீமில் விழுந்தால் மஞ்சளும் பச்சையும் சேர்ந்து பிஸ்தாவாகத்தான் தெரியும். அதே க்ரீம் வாசல் பக்கச் சுவரில் க்ரீமாகவே இருப்பதும் இதனால்தான்.

வடக்கு ஜன்னல் என்றால் குளிர்ந்த நீல வெளிச்சம் வரும், அதனால் மஞ்சள் கலந்த வெள்ளைதான் சரி என்று எங்கும் எழுதியிருப்பார்கள். அது ஆண்டு முழுக்க மதிய வெயில் தெற்கிலேயே இருக்கும் ஐரோப்பிய ஊர்களுக்குப் பொருந்தும். மதுரை கிட்டத்தட்ட 9.9 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை பிறந்த இரண்டு மூன்று நாளில் மதியச் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, பிறகு ஆகஸ்ட் கடைசி வாரம் வரை நம் தலைக்கு வடக்கேதான் கடக்கிறது. அந்த நான்கரை மாதமும் பக்கத்து வீட்டின் உங்களைப் பார்த்த சுவர், மதியத்தில் நிழலில் இருக்கும். ஆவணி நடுவிலிருந்து நிலைமை தலைகீழாகிறது. மார்கழி மதியத்தில் சூரியன் தெற்கே சுமார் 57 டிகிரி உயரத்தில்தான் நிற்கிறது. உங்கள் மொட்டை மாடியைத் தாண்டி வரும் வெயில் பச்சைச் சுவரின் மேல்பாதியில் நேராக அடித்து, அங்கிருந்து உங்கள் ஜன்னலுக்குள் இறங்கும். கார்த்திகையிலிருந்து மாசி வரை பிஸ்தா அதிகமாகவும் கோடையில் குறைவாகவும் தெரிந்திருக்கும், யோசித்துப் பாருங்கள். வைகாசியில் சாம்பிள் அடித்துப் பார்த்துவிட்டுச் சரி என்று முடிவு செய்தவர்கள் பொங்கலுக்கு அதே சுவரைப் பார்த்துக் குழம்புவதற்கு இதுவே காரணம். கோடையில் இன்னொன்றும் நடக்கிறது. வெக்கைக்கு பகல் முழுக்க ஜன்னலை மூடித் திரை போட்டுவிடுகிறோம். அப்போது ஹாலுக்குள் வருவது திரைத்துணியின் நிறம். போர்ட்டிகோவில் பச்சை வலை கட்டியிருந்தால் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி கார்டுக்கு வருவோம். கார்டில் உள்ள வெள்ளைகளுக்கு அடியில் ஏதாவது ஒரு சாயல் ஒளிந்திருக்கும். நீலச் சாயல் உள்ளது பளிச்சென்று இருக்கும். மஞ்சள் சாயல் தந்தம், க்ரீம் பக்கம் போகும். சிவப்புச் சாயல் இளம் பீச் பக்கம் போகும். சாம்பல் சாயல் அமைதியாக இருக்கும். பச்சைச் சாயல் உள்ளதும் உண்டு, உங்கள் வீட்டில் அது கூடவே கூடாது. தனியாகப் பார்த்தால் எல்லாமே வெள்ளையாகத்தான் தெரியும். பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் சாயல் வெளியே வரும். கார்டை வாசலுக்குக் கொண்டுபோய் நிழலில் நின்று, ஒரு புது ஏ4 தாளை அதன்மேல் வையுங்கள். பெரும்பாலான ஏ4 தாளில் வெளுப்பூட்டி கலந்திருப்பதால் பகல் வெளிச்சத்தில் அது நீலவெள்ளையாக இருக்கும். நீலம் போட்டு வெளுத்த வேட்டியும் இதற்கு நன்றாக உதவும். அதன் பக்கத்தில் ஒவ்வொரு வெள்ளையும் மஞ்சளா சிவப்பா சாம்பலா என்று சட்டெனத் தெரிந்துவிடும். ஒரே பட்டையில் இளசிலிருந்து அடர்த்தி வரை அச்சிட்ட கார்டாக இருந்தால், கடைசியில் இருக்கும் அடர்ந்த கட்டத்தைப் பாருங்கள். மேலே இருக்கும் வெள்ளை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை அது காட்டிக்கொடுக்கும்.

கார்டில் பார்ப்பதைவிட ஹாலில் சாயல் தூக்கலாகத் தெரியும் என்பது நிச்சயம். ஒரு சுவரில் பட்ட வெளிச்சம் எதிர்ச் சுவருக்குப் போய், அங்கிருந்து சீலிங்குக்குப் போய், ஒவ்வொரு தடவையும் அந்தச் சாயலைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டே வரும். அதனால் கார்டில் ‘கொஞ்சம் மஞ்சள் இருந்தால் நல்லாயிருக்கும்’ என்று தோன்றுவது நான்கு சுவரிலும் அடித்த பிறகு சந்தனமாக நிற்கும். கார்டில் பிடித்ததற்கு ஒரு படி இளசாக எடுங்கள், அல்லது அதே ஷேடைப் பாதி அளவு சாயத்தில் கலக்கச் சொல்லுங்கள். ஷேடுக்கு எல்ஆர்வி என்ற எண் கொடுத்திருந்தால் அதையும் பாருங்கள். விழும் வெளிச்சத்தில் எவ்வளவைத் திருப்பி அனுப்புகிறது என்பதைச் சொல்லும் எண் அது. கறுப்புக்கு 0, முழு வெள்ளைக்கு 100. ஹாலுக்கு 80க்கு மேல் இருந்தால் போதும். ஆனால் எண் கூடியதால் இருட்டு அறை வெளிச்சமாகிவிடாது. வெளிச்சம் குறைந்த மூலையில் சுத்த வெள்ளை சாம்பலாகத்தான் தெரியும்.

தரையை மறக்க வேண்டாம், ஏனென்றால் அதை நீங்கள் மாற்றப் போவதில்லை. தந்த நிற டைல்ஸுக்குப் பக்கத்தில் நீலச் சாயல் உள்ள பளிச் வெள்ளையை அடித்தால் சுவர் பளிச்சென்று இருக்கும், தரை மட்டும் துடைக்காத மாதிரி மஞ்சளாகத் தெரியும். ‘வெள்ளை அடித்ததும் டைல்ஸ் மங்கிவிட்டது’ என்று சொல்பவர்களில் பலருக்கு நடந்தது இதுதான். தரையைவிடச் சுவர் இளசாகவும், ஏறக்குறைய அதே வெப்பமான பக்கத்திலும் இருக்க வேண்டும். பழைய வீடுகளில் உள்ள சிவப்பு சிமெண்ட் தரையாக இருந்தால் பதிலே வேறு. அது கீழிருந்து சுவருக்குச் சிவப்பை அனுப்பும், அங்கே க்ரீம் அடித்தால் பீச் ஆகிவிடும். அந்த வீட்டுக்குக் கொஞ்சம் சாம்பல் கலந்த வெள்ளை பொருந்தும். சுவிட்ச் போர்டு, ஏசி, ஃபேன் எல்லாம் கம்பெனியிலிருந்தே சற்று நீலவெள்ளையாக வருகின்றன. க்ரீம் அதிகமானால் அவை சுவரில் ஒட்டவைத்த மாதிரி தனித்துத் தெரியும்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் உங்கள் ஹாலுக்கான இடம் ஏறக்குறைய தெளிவாகிவிடுகிறது. பச்சை வெளிச்சத்தைத் தணிக்கச் சிவப்பு ஒரு பொட்டு வேண்டும். தரையோடு சேர வெப்பமான பக்கம் இருக்க வேண்டும். மஞ்சள் தூக்கலாக இருக்கக்கூடாது. அதாவது மிக இளசான, சிவப்புப் பக்கம் துளி சாய்ந்த ஆஃப் ஒயிட். எலுமிச்சை, பிஸ்தா வாடை உள்ள க்ரீம்களையும் நீலச் சாயல் பளிச் வெள்ளையையும் தள்ளிவிடுங்கள். இவ்வளவும் உறுதியாகச் சொல்வேன். அந்தச் சிவப்பு எவ்வளவு என்பதை இங்கிருந்து சொல்ல முடியாது. நீங்கள் போட்ட போட்டோவும் உதவாது, ஏனென்றால் போன் கேமரா தானாகவே வெள்ளையைச் சரிசெய்துகொள்கிறது. கொஞ்சம் கூடினால் வாசல் பக்கச் சுவர் ரோஸ் நிறமாகும், குறைந்தால் எதிர்ச் சுவரில் பச்சை நிற்கும். அதைப் பலகைதான் சொல்லும்.

பலகை என்பது இரண்டடிக்கு இரண்டடி ப்ளைவுட் துண்டு, அல்லது கெட்டியான அட்டை. பழைய க்ரீம் சுவரிலேயே சாம்பிள் அடிக்காதீர்கள், சுற்றியுள்ள க்ரீம் கண்ணை ஏமாற்றும். மூன்று ஷேடு தேர்ந்தெடுத்து, கிடைக்கும் சின்ன டப்பாவாக வாங்குங்கள். பலகைக்கு ஒரு கோட் ப்ரைமர் (பெயிண்ட்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு), காய்ந்ததும் சுவருக்கு அடிக்கப்போகும் அதே பெயிண்ட்டில் இரண்டு கோட், இடையில் நான்கு மணி நேரம். ஒரு கோட்டோடு நிறுத்தினால் அடியில் உள்ளது கலந்து தெரியும். அடித்த ஈரத்தில் முடிவு செய்யாதீர்கள், எமல்ஷன் (தண்ணீரில் கலக்கும் சுவர் பெயிண்ட்) காயும்போது நிறம் கொஞ்சம் மாறும். ஒரு நாள் விட்டு, பலகையை முதலில் ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில், கீழ் விளிம்பு தரையைத் தொடும்படி சாய்த்து வையுங்கள். காலை ஏழு மணி, உச்சி, சாயங்காலம் ஐந்து, இரவு விளக்கு போட்டு என நான்கு தடவை பாருங்கள். அடுத்த நாள் வாசல் பக்கச் சுவரில் இதே நான்கு தடவை. மூன்று பலகையையும் ஒன்றாக வைத்தால் ஒப்பிடுவதில்தான் கண் போகும். ஒவ்வொன்றையும் தனியாக வைத்து எட்டடி தள்ளி நின்று பாருங்கள். எந்தப் பலகை எந்த நேரத்திலும் கண்ணை உறுத்தவில்லையோ அதை எடுங்கள். கோடையில் பார்க்கிறீர்கள் என்றால், எதிர்ச் சுவரில் பச்சை துளி தெரிந்தாலும் அதைத் தள்ளிவிடுங்கள், மார்கழியில் அது கூடும்.

இரவு விளக்கும் பாதி முடிவைச் செய்கிறது. நம் வீடுகளில் பெரும்பாலும் 6500 கெல்வின் (விளக்கு வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண்) எல்இடிதான் எரிகிறது. பெட்டியில் ‘கூல் டேலைட்’ என்று போட்டிருக்கும். நீலச் சாயல் வெள்ளையும் இந்த விளக்கும் சேர்ந்தால்தான் நீங்கள் பயப்படுகிற ஆஸ்பத்திரி வருகிறது. 3000 கெல்வின் மஞ்சள் விளக்கில் இளம் க்ரீமும் மஞ்சளாகிவிடும். 4000 கெல்வின் நடுவாக இருக்கும், உங்கள் ஹாலுக்கு அதைத்தான் சொல்வேன். இதில் கண்டிப்பான விதி இல்லை, பழக்கமும் விருப்பமும் கலந்த விஷயம். ஆனால் ஒரே ஹாலில் இரண்டு வகை விளக்கைக் கலந்து போட்டால் எந்த வெள்ளையும் ஒட்டுப்போட்ட மாதிரிதான் தெரியும்.

அளவு பார்ப்போம். நான்கு சுவரின் சுற்றளவு 60 அடி, உயரம் 10 அடி, ஆக 600 சதுர அடி. கதவு ஜன்னலுக்கு சுமார் 75 கழித்தால் 525. பட்டி (சுவரை மட்டமாக்கும் மாவு) பார்த்து ப்ரைமர் அடித்த சுவரில் ஒரு லிட்டர் எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு 100 முதல் 130 சதுர அடி வரும். ஐந்து லிட்டர் வேலைக்கு, ஒரு லிட்டர் கைவசத்துக்கு. நான்கு லிட்டர் ஒன்று, ஒரு லிட்டர் இரண்டு வாங்கினால் கணக்கு சரியாக இருக்கும், ஆனால் அங்கே ஒரு வில்லங்கம் உண்டு. ஆஃப் ஒயிட்டுக்குக் கடையில் நிறம் கலக்கும் மெஷின் விடும் சாயம் சில துளிதான். நான்கு லிட்டருக்கான துளியை ஒரு லிட்டருக்குச் சரியாகப் பிரிக்க மெஷினால் முடியாமல் போகலாம். டப்பாவுக்கு டப்பா ஒரு மயிரிழை வித்தியாசம் வரும், வெள்ளையில் அந்த மயிரிழை ஒரு சுவருக்கும் அடுத்த சுவருக்கும் நடுவில் கோடாகத் தெரியும். எல்லாவற்றையும் ஒரே நாளில் கலக்கி வாங்கி, சுத்தமான பெரிய வாளியில் ஒன்றாக ஊற்றிக் கலக்கிவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள். தண்ணீர் எவ்வளவு கலப்பது என்பது டப்பாவில் எழுதியிருக்கும், பெயிண்டர் கண்ணளவுக்கு விடாதீர்கள். தண்ணீர் கூடினால் இரண்டு கோட்டிலும் அடிநிறம் மூடாது. மலிவான வெள்ளையில் அடிநிறத்தை மூடும் வெள்ளை நிறமியான டைட்டானியம் டை ஆக்சைடு குறைவு, சுண்ணாம்புப் பொடி அதிகம். காய்ந்தால் மூடிய மாதிரி இருக்கும், ஈரத்துணியால் துடைத்தால் அடியில் உள்ளது எட்டிப்பார்க்கும். வெள்ளை தூக்கலாக இருக்கட்டும் என்று பெயிண்டர் இரண்டு சொட்டு நீல ஸ்டெய்னர் (கலக்கும் சாயம்) விடுவதாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சுண்ணாம்பு அடித்த காலத்தில் நீலம் கலப்பதற்கு அர்த்தம் இருந்தது. எமல்ஷனில் விட்டால் சாம்பல் தட்டும், பின்னால் ஓர் இடத்தில் டச்சப் செய்ய அந்தச் சொட்டுக் கணக்கு யாருக்கும் நினைவிருக்காது.

எந்த ஷேடாக இருந்தாலும் அடியில் உள்ள சுவர் சரியில்லை என்றால் வெள்ளைதான் முதலில் காட்டிக்கொடுக்கும். ஓதம் உள்ள இடத்தில் மஞ்சள் வளையம் வரும். உப்புத் தண்ணீரில் கட்டிப் பூசிய சுவர்களில் தரையிலிருந்து ஓரிரு அடி உயரத்துக்கு வெள்ளைப் பொடியாக உப்புப் பூத்து, பெயிண்ட்டைச் செதிலாகத் தூக்கும். சந்தேகமான இடத்தில் ஒன்றரை அடி பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி 24 மணி நேரம் விடுங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் சுவர் இன்னும் ஈரம், அப்போது அடிக்கக்கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து சுவர் காய ஒரு மாதமாவது விட்டு, தை, மாசியில் வேலையை வைத்துக்கொண்டால் நல்லது. பச்சை வெளிச்சம் கூடுதலாக இருக்கும் காலமும் அதுவே என்பதால் பலகைச் சோதனைக்கும் தோதாகிறது. உங்கள் சுவரில் ஏற்கெனவே எமல்ஷன் இருப்பதால் முழுக்கப் பட்டி தேவையில்லை. விரிசலும் பள்ளமும் மட்டும் பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தூசி துடைத்து, ப்ரைமர் ஒரு கோட். பட்டியும் வெள்ளை, ப்ரைமரும் வெள்ளை, எதற்கு இரண்டு என்று ப்ரைமரைத் தவிர்ப்பது அடிக்கடி நடக்கிறது. பட்டி வைத்த இடம் பெயிண்ட்டை அதிகமாகக் குடித்து மேப் போட்ட மாதிரி திட்டுத் திட்டாக நிற்கும். மாசி வீதிகளின் பக்கம் உள்ள பழைய சுண்ணாம்புப் பூச்சு வீடுகளுக்கு இந்த முறை ஒத்துவராது. சுண்ணாம்பு அடித்ததன் மேல் எமல்ஷன் அடித்தால் தோலாக உரியும், அங்கே சுண்ணாம்பே மேல்.

மேட் (பளபளப்பு இல்லாதது), சில்க் (பளபளப்புள்ளது), எது வேண்டும் என்று கேட்பார்கள். பளபளப்பு கூடினால் துடைக்க எளிது, ஆனால் ஜன்னல் பக்கவாட்டு வெளிச்சத்தில் பூச்சு வேலையின் மேடுபள்ளம் எல்லாம் தெரியும். சீலிங்குக்கு மேட், சாயம் கலக்காத வெள்ளை போதும். சுவருக்கு இலேசான பளபளப்புள்ள, கழுவக்கூடிய எமல்ஷன். ஹாலில் தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்கிற இடம் ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கும், தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் தேங்காய் எண்ணெய் வட்டமாக இறங்கியிருக்கும். அதன்மேல் நேராக அடித்தால் எமல்ஷன் ஒட்டாது, எண்ணெயும் சில மாதத்தில் மேலே வந்துவிடும். சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவிட்டு, உப்புத்தாள் தேய்த்து, கறை தடுக்கும் ப்ரைமர் ஒரு கை அடித்த பிறகுதான் வெள்ளை.

கதவு நிலைக்கும் ஜன்னலுக்கும் சுத்த வெள்ளை எனாமல் வேண்டாம். எண்ணெய் சேர்ந்த எனாமல் வெளிச்சம் படாத இடத்தில் மஞ்சளாகும், அதுவே அதன் குணம். கதவின் பின்பக்கமும் அலமாரி உள்பக்கமும் ஒன்றிரண்டு வருஷத்திலேயே மங்கும், சுவர் மட்டும் வெள்ளையாக நிற்கும். வெள்ளைதான் வேண்டுமென்றால் தண்ணீரில் கலக்கும் எனாமல் வாங்குங்கள். பழைய எனாமலைச் சுரண்டும்போது தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், குழந்தைகளைத் தள்ளி வையுங்கள். பெயிண்ட்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பு நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது, அதற்கு முந்தைய எனாமலில் அதிக ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு.

ஷேடைத் தேடுவதற்கு முன் பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். உங்கள் ஜன்னலுக்கு எதிரே உள்ள பத்தடிக்குப் பத்தடியை மட்டும் வெளிச்சுவர் எமல்ஷனில் வெள்ளையாக அடிக்கச் சம்மதித்தால், செலவு உங்களுடையது என்றாலும் இரண்டு மூன்று லிட்டரோடு முடியும். பச்சை போய்விடும், ஹாலுக்கு வெளிச்சமும் கூடும், சிவப்புத் துளிக் கணக்கே தேவைப்படாது. அப்போது டைல்ஸைவிட இளசான எந்த ஆஃப் ஒயிட்டும் பொருந்தும். அவர்கள் ஒப்புக்கொண்டால் முதலில் அந்தச் சுவரை அடித்துவிட்டு, அதன் பிறகு பலகை வையுங்கள். எதை எடுத்தாலும் கம்பெனி பெயர், ஷேடு எண், எந்த வகை எமல்ஷன், வாங்கிய தேதி நான்கையும் மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் மார்க்கரில் எழுதிவையுங்கள். மிஞ்சிய பெயிண்ட்டைக் கழுத்து வரை நிரம்பும் சின்ன பாட்டிலில் ஊற்றி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். பாதி காலியான டப்பாவில் விட்டால் மேலே ஆடை கட்டிவிடும், அடுத்த வருஷ டச்சப்புக்கு உதவாது.